வரம்பில் நின்ற மூன்றடி மனிதர்: தம்பலகாமத்து வயற்காட்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தம்பலகாமத்தில் பிறந்து இப்போது கனடாவில் குடியிருக்கும் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையார் வயலில் தனியே நிற்பதாக ஒரு நீர்வண்ண ஓவியம் வேண்டும் என்று, திருகோணமலை நகரில் வசிக்கும் தமக்கையார் மூலம் என்னிடம் சொல்லியனுப்பினார். பாடசாலையில் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்ற பின்னர் இத்தகைய வேலைகளை இடையிடையே ஏற்பதுண்டு என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். முகம் தெரியவேண்டியதில்லை, தூரத்தில் ஒரு ஆளாக நின்றாலே போதும், ஆனால் பார்த்தவுடன் அப்பா என்று தெரியவேண்டும் என்பதுதான் நிபந்தனை. கேட்கும்போது எளிதாகத் தோன்றிய இந்த நிபந்தனை எத்தனை கடினமானது என்பதை இரண்டு தாள்களை வீணாக்கிய பிறகே உணர்ந்தேன்.

தந்தையார் வயலில் நின்ற புகைப்படம் அவர்களிடம் ஒன்றும் இல்லை. அடையாள அட்டைப் படமும் கலியாண வீட்டுக் கூட்டப்படம் ஒன்றுமே இருந்தன. ஆறடி உயரம், நீலக் கட்டம் போட்ட சாரம், மேற்சட்டை இல்லை, தலையில் துவாய்: மகன் எழுதியனுப்பிய அடையாளங்கள் இவ்வளவே. கடிதத்தின் கடைசியில், "அப்பா தனியா நிக்கவேணும், அந்தத் தனிமை தெரியவேணும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் என்னை முதலில் பிழையான வழியில் கொண்டுபோனது.

இடமும் பொழுதும்

தம்பலகாமம், திருகோணமலை நகரத்துக்குத் தென்மேற்கே, கந்தளாய்க் குளத்தின் நீரை நம்பி விளையும் வயற்பிரதேசம். பெரும்போகத்துக்கு மழை தொடங்கியதும் விதைத்தால், தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் மூன்றரை மாத நெல், கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் நிற்கும். பயிர் முழங்கால் அளவுக்கு மேல் எழுந்து, வரம்புகள் பச்சைக்குள் கோடுகளாக மட்டும் தெரியும் காலம் அது. தை மாதக் காலை ஒன்றில் எட்டு மணியளவில் ஒரு வரம்பின் மேல் சிறிய மடக்கு முக்காலியைப் போட்டு, தென்மேற்கு நோக்கி அமர்ந்து நிலக்காட்சியின் முதற் கோட்டுருவை வரைந்தேன். மருதத்துக்குத் தொல்காப்பியர் வைகறையையும் விடியலையும் பொழுதாக வகுத்ததை வகுப்பில் ஒப்புவித்திருக்கிறோம். வயலில் வேலை நடக்கும் நேரம் அதுவே என்பதை அங்கே இருந்து பார்க்கும்போது தனியாக விளக்கவேண்டியதில்லை.

அன்று என் கண்முன்னால் ஆள் ஒருவரும் இல்லை. நிலத்தை மட்டும் வரைந்து முடித்துச் சாலைக்கு ஏறியபோது, பதினொன்றரை மணியளவில், தூரத்து வரம்பில் ஒரு விவசாயி நிற்பதைக் கண்டு கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டேன். நல்ல உயரமான மனிதர். மகனின் விவரணத்துக்குப் பொருந்தும் என்று எண்ணினேன். இந்த ஆய்வில் பின்னர் வரும் பிழைகளில் பாதி, மூன்றரை மணித்தியால இடைவெளியில், வேறு இடத்தில் நின்று எடுத்த அந்த ஒரு படத்திலிருந்தே வந்தவை.

முதற் படம்

தாள் 22 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்டது. அடிவானத்தை மேலிருந்து 5 அங்குலத்தில் வைத்தேன். வலப்பக்கம் மூன்றிலொரு பங்கில், அடிவானத்துக்கு 1.4 அங்குலம் கீழே பாதம் படும்படியாக, கைத்தொலைபேசிப் படத்திலிருந்த மனிதரை 1.2 அங்குல உயரத்தில் வரைந்தேன். தலை அடிவானத்துக்குச் சற்றுக் கீழே, பச்சைக்குள் அடங்கி நின்றது. தலைக்கும் உடலுக்கும் உள்ள அளவு சரி, நிற்கும் நிலை சரி, சாரத்தின் மடிப்புக்கூட ஒருவாறு வந்துவிட்டது. திருப்தியுடன்தான் தமக்கையாரிடம் காட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "மாஸ்டர், படம் வடிவாத்தான் இருக்கு. ஆனா இது அப்பா இல்ல. ஆரோ சின்னப் பொடியன் நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

முதலில் எனக்குச் சற்று மனம் நொந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆளை வளர்ந்த மனிதனின் அளவுவிகிதத்தில் வரைந்திருக்கையில் அது எப்படிச் சிறுவனாகும்? வீட்டுக்கு வந்து படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தபோது எனக்கும் அப்படியே தெரிந்தது. உருவத்தில் பிழை இல்லாதபோது பிழை உருவத்துக்கு வெளியேதான் இருக்கவேண்டும். ஆகவே அளவுகோலை எடுத்தேன்.

சமதரையைப் பார்த்து வரையும்போது அடிவானம் என்பது வரைபவரின் கண்மட்டத்தின் உயரம். தரையின் எந்த இடத்தை எடுத்தாலும், அந்த இடத்திலிருந்து அடிவானக் கோடு வரையுள்ள உயரம், அங்கே நிறுத்திய ஒரு கோலில் வரைபவரின் கண் உயரத்துக்குச் சமம். நின்றுகொண்டு வரைந்தால், அருகில் உள்ளவரானாலும் அரைக் கட்டை தூரத்தில் உள்ளவரானாலும், தம்மை ஒத்த உயரமுள்ள எல்லோருடைய கண்களையும் அடிவானம் தொட்டுச் செல்லும். இந்த விதியை இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நான் முக்காலியில் அமர்ந்திருந்தபோது என் கண் வரம்பின் மட்டத்திலிருந்து 3.5 அடி உயரத்தில் இருந்தது. அந்த மனிதர் நிற்பதும் அதே மட்டத்திலுள்ள ஒரு வரம்பில். அவருடைய பாதத்திலிருந்து அடிவானம் வரை தாளில் 1.4 அங்குலம் என்றால், அந்த இடத்தில் 1.4 அங்குலம் 3.5 அடியைக் குறிக்கிறது; ஓர் அடிக்கு 0.4 அங்குலம். அவ்வாறாயின் 1.2 அங்குல உயரத்தில் நான் வரைந்த மனிதரின் உண்மை உயரம் 3 அடி. ஆறடித் தந்தையாரைப் பாலர் பாடசாலைக்குப் போகும் வயதுப் பிள்ளையின் உயரத்தில் வரம்பில் நிறுத்தியிருந்தேன். தமக்கையாருக்குத் தூரநோக்கு விதி தெரியாது. ஆனால் தரையையும் ஆளையும் சேர்த்தே பார்த்த அவருடைய கண் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டது.

இந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதும் பிறகு விளங்கியது. கைத்தொலைபேசிப் படத்தை நான் சாலையில் நின்று எடுத்தேன். சாலை வரம்பைவிட ஏறக்குறைய 2 அடி உயரம்; நிற்கையில் என் கண்ணின் உயரம் 5 அடி; ஆக 7 அடி உயரத்திலிருந்து பார்த்த பார்வை அது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஆறடி மனிதரின் தலை அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும். படத்தில் அது முற்றிலும் சரி. அதே விகிதத்தை முக்காலியிலிருந்து பார்த்த நிலத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் கேடு. இதற்கு மேல், கைத்தொலைபேசியின் வழமையான வில்லை அகலக் கோணம் கொண்டது என்பதால், நடுத்தூரத்திலுள்ள ஆள் நம் கண்ணுக்குத் தெரிந்ததைவிடச் சிறுத்தே திரையில் தெரிவார். அந்தச் சிறுமையைக் கண்டு நான் "தனிமை" என்று மகிழ்ந்திருந்தேன்.

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் நிலக்காட்சியை ஒருவரும் அதிலுள்ள மனிதரை இன்னொருவரும் வரையும் வழக்கம் இருந்தது. ரொய்ஸ்டால், ஹொபெமா போன்றோரின் நிலக்காட்சிகள் சிலவற்றில் ஆட்களை வரைந்தவர் அட்ரியான் வன் டி வெல்டே. இரண்டு கைகள் வேலை செய்தும் அவை ஒட்டவைத்தவையாகத் தெரியாததற்குக் காரணம், இருவரும் ஒரே கண்மட்டத்துக்கு உடன்பட்டு வரைந்தமைதான். என் முதற் படத்திலோ நிலத்தை நானும் மனிதரைத் தொலைபேசியும் வரைந்திருந்தோம். எங்களுக்குள் அந்த உடன்பாடு இருக்கவில்லை.

தலை எங்கே முடிகிறது

பிழையைத் திருத்துவதென்றால் அதே பாதப்புள்ளியில் ஆள் 2.4 அங்குலம் உயரவேண்டும்; தலை அடிவானத்துக்கு மேல் ஒரு முழு அங்குலம் எழும். இது அளவுத் திருத்தம் மட்டும் அல்ல, படத்தின் பொருளே இதனால் மாறுகிறது. இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் தனியொரு உழவனை வரைந்த பெரிய ஓவியங்களில் அடிவானம் ஆளின் உடலில் எங்கே வெட்டுகிறது என்பதைப் பார்த்தாலே ஓவியரின் நினைப்பு பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

நோர்மண்டியில் உழவர் குடும்பத்தில் பிறந்து, 1849 முதல் பார்பிசோன் கிராமத்தில் வாழ்ந்த ஜோன் பிரான்சுவா மில்லே இதை நன்கு அறிந்தவர். 1857 இல் அவர் காட்சிக்கு வைத்த, கதிர் பொறுக்கும் பெண்களின் படத்தில் குனிந்த முதுகுகள் அடிவானத்துக்குக் கீழே அடங்கியிருக்கின்றன. நிலம் அவர்களைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. 1860 முதல் 1862 வரை வரைந்த, மண்வெட்டியின் பிடியில் ஊன்றி மூச்சு வாங்கும் மனிதனின் படத்திலோ, தோளும் தலையும் வானத்துக்குள் எழுந்து நிற்கின்றன. அந்தப் படம் 1863 இல் பாரிஸ் சலோன் என்னும் ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. அந்த உழவனின் முகத்தைப் பற்றித்தான் பலர் குறைப்பட்டார்கள். ஆனால் அந்த முகத்தை எவரும் தவிர்க்கமுடியாதபடி வானத்தின்மேல் வைத்தது தாழ்ந்த அடிவானம் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரானது, 1808 இலிருந்து 1810 வரை காஸ்பர் டேவிட் பிரீட்ரிச் வரைந்து, இப்போது பேர்லினில் உள்ள, கடலோரத் துறவியின் படம். படத்தின் பெரும்பங்கு வானம். துறவி ஒரு சிறு கறுப்புக் கீற்று. அவருடைய தலை கடலின் இருளுக்குள்ளேயே முடிகிறது. முதலில் வரைந்திருந்த கப்பல்களைப் பிரீட்ரிச் பின்னர் மூடி அழித்துவிட்டார் என்பது தொழில்நுட்ப ஆய்வில் தெரிந்தது. கப்பல் இருந்திருந்தால் அந்த ஆள் அதைப் பார்ப்பவராகியிருப்பார். கப்பல் போனபின் அவருக்கு அங்கே எந்த அலுவலும் இல்லை. தனிமை என்று மகன் எழுதியதைப் படித்தபோது என் மனத்தில் ஓடியது இந்தப் படம்தான். துறவியை வைக்கவேண்டிய விதத்தில் கமக்காரரை வைத்தேன் என்று இப்போது சொல்லலாம். துறவிக்கு வேலை இல்லாமல் இருக்கலாம். தை மாதத்தில் கமக்காரருக்கு அப்படி இருக்கமுடியாது. இந்த இரண்டாவது விடயம் எனக்கு அப்போது தெரியவில்லை. இன்னொரு தாளைச் செலவழித்தே அறிந்தேன்.

இரண்டாம் படம்

உயரத்தைத் திருத்தினேன். தலை வானத்துக்குள் வந்துவிட்டதால், அதன் துவாயைச் சிவப்பாக்கினால் பார்வை நேரே அங்கே போகும் என்று எண்ணினேன். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. நிலக்காட்சியில் ஒரு துளிச் சிவப்பு வைப்பது பழைய உத்தி. பிரெஞ்சு ஓவியர் கொரோவின் படங்களில் சிறு சிவப்புத் தொப்பியாக அது அடிக்கடி வரும். ஆங்கில ஓவியர் கொன்ஸ்டபிள் 1821 இல் காட்சிக்கு வைத்த வைக்கோல் வண்டிப் படத்தில் குதிரைகளின் கழுத்தணியில் இருக்கும். கிரேக்கக் கதையில் வரும் இக்காரஸ் கடலில் விழுவதைக் கவனியாமல் உழுதுகொண்டிருப்பவனின், புரூகலின் பெயரால் வழங்கும் படத்தில், உழவனின் சட்டைக் கையில் இருக்கும். உத்தியைக் குறை சொல்லமுடியாது. ஆனால் படத்தை வட்ஸ்அப்பில் பார்த்த மகன், அப்பா ஒருநாளும் சிவப்புத் துவாய் கட்டியதில்லை, வெள்ளைதான், அதுவும் பழுப்பேறிய வெள்ளை என்று எழுதினார். தமக்கையார், உயரம் இப்போது சரி, ஆனாலும் "ஆர் போலவும் இருக்கலாம்" என்றார்.

நிழலிலும் ஒரு பிழை இருந்தது. அதை நானே கண்டுபிடித்தேன். திருகோணமலையில் தை நடுப்பகுதியில் காலை எட்டு மணிக்குச் சூரியன் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, ஏறக்குறைய 21 பாகை உயரத்தில் நிற்கும். ஆளின் நிழல் அவருடைய உயரத்தின் இரண்டரை மடங்குக்கு மேல், மேற்குக்குச் சற்று வடக்காக நீளும். தென்மேற்கு நோக்கி வரையும் எனக்கு அது வலப்பக்கமாக விழும். பதினொன்றரை மணிப் படத்திலோ நிழல் ஆளின் உயரத்தில் பாதியைச் சற்றே தாண்டும் குறுநிழல். நிலம் காலையிலும் ஆள் நடுப்பகலிலுமாக இருந்தார்கள். இப்படிப்பட்ட பிழையைப் பார்ப்பவர் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டமாட்டார். ஆள் அந்த இடத்துக்கு உரியவர் அல்ல என்று மட்டும் உணர்வார்.

நிழலையும் துவாயையும் திருத்தி மூன்றாவதைத் தொடங்கலாம் என்று இருந்தேன். தொடங்கும் முன்னர் அந்தப் பகுதிக்கு மறுபடி போய், படத்தின் ஒளிப்பிரதியை வாய்க்கால் ஓரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த வயதான கமக்காரர் ஒருவரிடம் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர். தாளைக் கையில் வாங்கித் தூரப்பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

"தம்பி, இந்தாள் வயலுக்கு வந்தவரோ, வயல் பாக்க வந்தவரோ?"

நான் விளங்காமல் நின்றேன். அவரே தொடர்ந்தார். "குடலைப் பயிர் நிக்குது. இந்த நேரம் வரம்பில சும்மா ஆர் நிப்பான்? தண்ணி பாக்கத்தான் வருவான். மண்வெட்டி எங்க? அதோட இவ்வளவு பயிர் நிக்கேக்க கால் இப்பிடி முழுசாத் தெரியாது."

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். குடலைப் பருவத்தில் வயலில் நீர் குறையக்கூடாது. குறைந்தால் கதிர் பழுதாகும். ஆகவே காலையில் வருபவர் நேரே வக்கடைக்குப் போவார். வக்கடை என்பது வரம்பை வெட்டி ஒரு வயலிலிருந்து அடுத்ததற்கு நீர் விடும் வாய். நண்டு துளைத்திருக்கலாம், இரவு மழையில் வரம்பு கரைந்திருக்கலாம், பக்கத்து வயற்காரர் தம் தேவைக்கு வெட்டிவிட்டிருக்கலாம். கமக்காரரின் பார்வை தூரத்து வானத்தில் இருக்காது, தன் காலடியிலிருந்து பத்தடிக்குள் இருக்கும். வரம்பில் நடக்கும்போது மண்வெட்டி தோளில், தகடு முதுகுப்புறம். நின்றால் அது உடனே கையில். தூரத்தில் தெரியும் ஆள் இன்னார் என்பதை முகத்தைப் பார்த்து எவரும் அறிவதில்லை; அவர் எந்த வக்கடையில் குனிகிறார், எப்படிக் குனிகிறார் என்பதைப் பார்த்தே அறிகிறார்கள்.

அன்று மாலையே தமக்கையாரிடம் போய், அப்பா வயலில் எப்படிக் குனிவார் என்று கேட்டேன். கேள்வி அவருக்கு விசித்திரமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் சற்றும் தாமதிக்காமல் எழுந்து, இடக்காலை முன்வைத்து, வலக்கை மண்வெட்டிப் பிடியின் அடியில் இருக்க, இடுப்பில் மடிந்து முதுகை வளைக்காமல் குனிந்து காட்டினார். "அப்பாக்கு முழங்கால் வருத்தம், மடக்கமாட்டார்" என்றார். கனடாவிலிருந்து வந்த அடையாளங்களில் முழங்கால் வருத்தம் இருக்கவில்லை.

மூன்றாம் படம்

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசும் நிறம் அல்ல, பூசாமல் விடும் தாள். ஆகவே தலைத் துவாய் வெள்ளையாக வேண்டுமென்றால் வானத்துக்கு முதல் நிறம் இடும் முன்னரே அந்த இடத்தைத் தீர்மானித்து ஒதுக்கவேண்டும். நிலத்தை முடித்துவிட்டு ஆளைக் கடைசியில் ஏற்றும் என் முந்தைய பழக்கம் இங்கே செல்லாது. உரித்தெடுக்கும் மறைப்புத் திரவம் பூசினால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் ஆகிவிடும் என்பதால் தூரிகையாலேயே சுற்றிச் சென்றேன். சதுர மீற்றருக்கு 300 கிராம் பருத்தித் தாளைப் பலகையில் நனைத்து இழுத்து ஒட்டினேன். தை மாத ஈரக் காற்றில் ஒவ்வொரு பூச்சும் காய வழமையைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது, அவ்வளவுதான்.

பாதப்புள்ளி மாறவில்லை. இடுப்பில் மடிந்த ஆறடி மனிதரின் முதுகு ஏறக்குறைய 4 அடி உயரத்தில் நிற்கும்; தாளில் 1.6 அங்குலம். முதற் படத்தில் நிமிர்ந்து நின்றவரைவிட இப்போது குனிந்து நிற்பவர் உயரம் என்பதைக் கவனிக்கவேண்டும். அவருடைய முதுகு அடிவானத்துக்கு மேல் சற்றே எழுந்து, தூரத்து மரங்களின் நீலத்தில் படுகிறது. துவாய் அடிவானத்துக்குக் கீழே பச்சைக்குள் இருக்கிறது. சிவப்பு இல்லை, தேவையும் படவில்லை. வக்கடையருகே பயிர் விலகும் இடைவெளியில் இடப்பாதம் மட்டும் தெரிய, மற்றக் கால் முழங்காலுக்குக் கீழே நெல்லில் மறைந்துவிட்டது. நிழல் வலப்பக்கம் நெல்லின் தலைகளின் மேல் விழுகிறது. குனிந்திருப்பதால் அது எதிர்பார்த்ததைவிடக் குறுகி, அகன்ற ஒரு கருமையாகக் கிடக்கிறது. இரண்டாம் படத்தில் வைத்திருந்த வெள்ளைக் கொக்கை எடுத்துவிட்டேன். இரண்டு வெள்ளைகள் இருந்தால் கண் எதை நம்புவது?

தனிமை கேட்ட மகனுக்கு இதில் தனிமை குறைந்துவிட்டது என்ற குறை இருக்குமோ என்று அஞ்சினேன். படத்தைப் பெற்றதும் அவர் தனிமை பற்றி எதுவும் எழுதவில்லை. தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்து, அப்பாவின் முழங்காலைப் பற்றி மாஸ்டருக்கு ஆர் சொன்னது என்று கேட்டாராம். ஓவியத்தை இரண்டு பலகைகளுக்கிடையில் வைத்து, ரொறன்ரோ போகும் உறவினர் ஒருவரின் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

அனுப்புவதற்கு முன்னர் ஒருமுறை அந்தக் கமக்காரரிடம் அதன் ஒளிப்பிரதியைக் காட்டியிருந்தேன். உடன் வந்திருந்த தமக்கையார் எட்டிப் பார்த்து, அப்பா வக்கடையைத் திறக்கிறாரா அடைக்கிறாரா என்று என்னிடம் கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை. கமக்காரர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, மண்வெட்டித் தகட்டின் அருகில் நான் ஈரமண் என்று காட்டுவதற்காக வைத்த கபிலப் புள்ளியை விரலால் தொட்டார்.

"மண் எடுத்து வைச்சிருக்கு, பிள்ள. அடைக்கிறார்."